சிட்டு சொன்ன ‘உக்கு’

ஒரு ஊர்ல ஒரு இடுப்பு இருந்துச்சாம். சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். ஒரு அம்மாவோட எடது பக்கத்து இடுப்பு. அதுல எப்பப் பாரு ஒரு பொம்பளப்புள்ள ஏறி உக்காந்திருக்கும். அது பேரு சிட்டு, அப்ப ஒரு வயசு ஆகப்போகுது. அம்மா தண்ணி புடிக்கப் போனா சிட்டு இடுப்புல. துணி காயப்போட்டா சிட்டு இடுப்புல. கீரைக்காரிகிட்ட பேசப் போனாலும் இடுப்புல இருந்துக்கிட்டே இவளும் ஞாயம் பேசுவா. கேக்குறியா, தூங்கிட்டியா?

“ம்.”

அப்புறம் அந்த அம்மா வயித்துக்குள்ள இன்னொரு பாப்பா வந்துச்சு. பாப்பா வளர வளர வயிறு முன்னால போச்சு, முதுகு பின்னால வளைஞ்சுச்சு. ஏழாம் மாசம் பொறந்ததும் வலி வந்து குடியேறிருச்சு. குனிஞ்சா சுரீர்னு இழுக்கும். நிமிந்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அப்பா விடியமுன்ன மில்லு வேலைக்குப் போயிருவாரு. வீட்டுல அம்மாவும் சிட்டுவும்தான்.

அப்போ சிட்டு தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வருவா. சேலையப் புடிச்சு இழுப்பா. “உக்கு. உக்கு”ம்பா.

அம்மாவுக்கு நெஞ்செல்லாம் பாகா உருகிரும். புள்ள ‘தூக்கு’ன்னு கேக்குது, வாயில ‘தூ’ வரல. தூக்கத்தான் முடியல. இன்னும் ரெண்டு மாசந்தான். அப்புறம் இடுப்புல வேற புள்ள உக்காந்துக்கிரும். அதுக்குள்ள இவள ஆசதீர வச்சுக்கணும்னு அம்மாவுக்கு ஒரே ஏக்கம்.

மொதத் தடவ என்ன செஞ்சா? வர்றது வரட்டும்னு குனிஞ்சு, ஹூப்னு தூக்கிட்டா. நடு இடுப்புல நச்சுன்னு ஒரு புடி. கதவப் புடிச்சவ புடிச்சபடி நின்னா. மூச்சு விட முடியல. சிட்டுவ மெல்லச் சரிச்சு எறக்கிவிட்டுட்டு, அங்கனயே நின்னுக்கிட்டு அழுதா. சிட்டு சேலையப் புடிச்சுக்கிட்டு மறுபடியும் “உக்கு”ங்குறா. சொல்றது புரியாத அம்மாவுக்கு எத்தன தடவதான் சொல்லுவா அந்தப் புள்ள.

ரெண்டாந்தடவ அம்மா ஒரு ரோசன பண்ணுனா. முக்காலிய இழுத்துப் போட்டா. சிட்டு அது மேல ஏறி நின்னுக்கிட்டா குனிய வேண்டியதில்லையே, அப்படியே அணைச்சு இடுப்புல வச்சுக்கலாமே. நல்ல ரோசனதான? ஆனா சிட்டு ஏறுனா, ஏறுன வேகத்துல விசுக்குனு எறங்கிட்டா. முக்காலியத் தட்டோ தட்டுன்னு தட்டி, “உக்கு, உக்கு”ன்னு ஒரே அழுக. அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. எம்மேல கோவம் போலன்னு நெனச்சுக்கிட்டா.

மூணாந்தடவ பக்கத்து வீட்டுக் கோமதியக்கா வந்தாங்க. தவிட்ட வறுத்து, துணியில மூட்ட கட்டி, எளஞ்சூடா ஒத்தடம் குடுத்தாங்க. அதுல கொஞ்சம் எதமா இருந்துச்சு. “நீ செத்த படும்மா, புள்ளய நான் வச்சுக்கிறேன்”னு சிட்டுவ அவங்க இடுப்புல தூக்கிட்டுப் போனாங்க. சிட்டு கோமதியக்கா தோளு வழியா அம்மாவப் பாத்து, ரெண்டு கையையும் நீட்டிக் கத்திக்கிட்டே போறா. அந்தச் சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டுச்சு. அம்மா எடது இடுப்பத் தடவிப் பாத்தா. அங்க ஒண்ணுமில்ல. முதுகு வலிய விட அதுதான் பெரிய வலி. தூங்கிட்டியா?

“இல்ல. அப்புறம்?”

அப்புறம் மாசாமாசம் காட்டுற நாளு வந்துச்சு. அம்மா சிட்டுவக் கையில புடிச்சு, மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிட்டு ஆசுபத்திரிக்குப் போனா. நர்சம்மா எட பாத்தாங்க, பிரசர் பாத்தாங்க. “புள்ளயத் தூக்குறியா?”ன்னு கேட்டாங்க.

“தூக்க முடியலக்கா. ‘உக்கு உக்கு’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. மனசு கேக்க மாட்டேங்குது.”

“எதுக்குத் தூக்குற? ஒருச்சாஞ்சு படு, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வையி. கீழ எதையும் எடுக்கணும்னா இடுப்ப வளைக்காத, முழங்கால மடக்கு. நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேல பாக்காத. மொதல்ல இங்க உக்காரு”ன்னு பெஞ்சக் காட்டுனாங்க.

அந்த வார்த்தையக் கேட்டாளோ இல்லையோ, சிட்டு தடதடன்னு பெஞ்சுகிட்ட ஓடுனா. ரெண்டு கையாலயும் பெஞ்சத் தட்டுனா, பட்டு பட்டுன்னு. “உக்கு. ம்மா, உக்கு.”

அம்மா அப்படியே நின்னுட்டா. புள்ள ‘தூக்கு’ன்னு சொல்லவே இல்ல. ‘உக்காரு’ன்னு சொல்லிருக்கா. கைய மேல தூக்காம சேலையக் கீழ இழுத்தது அதுக்குத்தான். முக்காலியத் தட்டுனதும் அதுக்குத்தான். இவ நிக்கிறதையும் கதவப் புடிக்கிறதையும் பாத்துப் பாத்து, ஒன்ற வயசுப் புள்ள ஒரு மாசமாச் சொல்லிருக்கா. இவதான் இடுப்பு நெனப்புலயே இருந்துட்டா.

வீட்டுக்கு வந்தா. செவுத்துல தலகாணியச் சாத்தி, முதுகக் குடுத்து, காலை நீட்டி உக்காந்தா. சிட்டு வந்து அவ தொட மேல ஏறி, வயித்துல கன்னத்த வச்சுப் படுத்துக்கிட்டா. உள்ள இருந்த பாப்பா தொம்முன்னு ஒரு ஒத விட்டுச்சு. சிட்டு வயித்தத் தட்டி அதுகிட்டயும் சொன்னா, “உக்கு.”

அப்புறம் பாப்பா பொறந்துச்சு. ஆறேழு மாசத்துல அம்மாவுக்கு முதுகும் தேறிருச்சு. ஒருநா, “வாடி, இன்னிக்கு உன்னத் தூக்கப் போறேன்”னா. முழங்கால மடக்கி, சேத்தணைச்சு எந்திரிச்சா. ஒரு வலியும் இல்ல. ஆனா சிட்டு காலு ரெண்டும் நீளமாத் தொங்குச்சு. இடுப்புல எப்படி உக்காரணும்னே அவளுக்கு மறந்துபோச்சு. கொஞ்ச நேரம் நெளிஞ்சுட்டு, “எறக்கும்மா. உக்காரும்மா, வெளையாடலாம்”னா.

முழு வார்த்தையும் சொல்ல வந்துருச்சு அவளுக்கு. அம்மா உக்காந்தா. ஒரே ஒரு தடவ அந்தப் பழைய ‘உக்கு’வச் சொல்லிர மாட்டாளான்னு அந்த அம்மாவுக்கு இன்னிக்கும் ஆசதான்.

“அந்த இடுப்பு இப்ப எங்கம்மா இருக்கு?”

உங்காலு இப்ப எது மேல கெடக்கு, பாரு. அதேதான். அந்தப் பாப்பாவும் நீதான், ஒத விட்டவன். சாயந்தரம் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையப் போட்டுட்டு, “உக்காரும்மா”ம்பா. அதுக்குள்ள நீ தூங்கி எந்திரிக்கணும். கத உக்காந்துருச்சு. நீ படு, ராசா. கண்ண மூடு.

“ம்.”