பருந்துக்கும் பட்டத்துக்கும் ஒரே பெயர்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். மனிதர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். பறவை பேசியதைக்கூட நம்பிவிடலாம், இரண்டாவதைத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

ஆங்கிலத்தில் பருந்தும் 'கைட்', நாம் மொட்டைமாடியில் நின்று விடுகிற பட்டமும் 'கைட்'. அவ்வளவு பெரிய மொழியில் ஒரு பெயருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமெல்லாம் இல்லை. ஒரு தாயின் அவசரம்தான் காரணம்.

சீமையில், காற்று ஓயாத ஒரு மலையடிவாரத்தில் மார்த்தா என்று ஒருத்தி இருந்தாள். ஊரார் துணியை வெளுத்து, கஞ்சி போட்டு, கொடியில் காயவைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. "போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கப்பல் ஏறிய புருஷன் போனதோடு சரி. அவனுடைய சிவப்புச் சட்டை ஒன்று மட்டும் பெட்டியில் இருந்தது. வருகிறவனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று வைத்திருந்தாள்.

ஒருநாள் துணிக்கொடிக் கம்பத்தடியில் ஒரு பருந்துக் குஞ்சு விழுந்து கிடந்தது. எடுத்துப்போய்த் தன் பங்குக் கறியை ஊட்டி வளர்த்தாள். பசித்தால் அது "கைய்... கைய்..." என்று கத்தும். அதையே கொஞ்சம் செதுக்கி 'கைட்' என்று பெயர் வைத்தாள். அதுவரை பருந்துக்கு அந்த ஊரில் பெயரே கிடையாது. கோழித் திருடன் என்பார்கள், அவ்வளவுதான்.

குஞ்சுக்கு இறக்கை முளைத்தது. மார்த்தாவுக்குத் தூக்கம் போயிற்று. கொடிக்கயிற்றிலிருந்து ஒரு நூலைப் பிரித்து அதன் காலில் கட்டினாள்.

"பற கண்ணு. ஆனா இதோட பற."

அது வளர வளர நூலையும் நீட்டிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டு ரூத்து வேலியோரம் வந்து நின்று சிரித்தாள். "புள்ள வளர்க்கிறியா, ஆடு மேய்க்கிறியாடி?"

"உனக்கென்ன, உன் வீட்டுக்காரர் உள்ளே குறட்டை விடுறாரு" என்றாள் மார்த்தா.

பருந்து ஒருநாள் கேட்டது. "அம்மா, அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"இந்தப் பக்கம் இருக்கிறதுதான். கல்லும் காத்தும்."

"நீ பார்த்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. பேச்சை மாற்ற அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள். நூல் அறுத்த இடம் புண்ணாகியிருந்தது. "ஐயோ, வலிக்குதா?"

"கால் வலிக்கலம்மா" என்றது, மலையைப் பார்த்துக்கொண்டே.

கத்தரிக்கோல் எடுக்கப் போனால் மனசு மாறிவிடும் என்று பயந்து, அங்கேயே குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"வருவியா?"

"வருவேம்மா. கொடியில துணி ஆடுறதைப் பார்த்தா நம்ம வீடு தெரியாதா?"

போய்விட்டது. ஒரு மலைக்கு அப்பால் இன்னொரு மலை இருந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று. இளமைக்கு அது போதாதா? பனிக்காலமும் வந்து போயிற்று.

மார்த்தாவுக்குத் திடீரென்று ஒரு கவலை பிடித்தது. எல்லார் வீட்டுக் கொடியிலும்தான் துணி ஆடுகிறது. தன் வீடு எதுவென்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத் திறந்தாள். புருஷனின் சட்டையை முகத்தில் வைத்து அழுதுவிட்டு, வெட்டினாள். விறைக்க விறைக்கக் கஞ்சி போட்டு, குச்சியில் கட்டி, மிச்சத்தில் வால் வைத்து, பருந்தின் காலில் கட்டியிருந்த அதே நூலில் பறக்கவிட்டாள். அது சிவப்பாக மேலே ஏறியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மார்த்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பருந்து திரும்பி வந்தது. தன் நூலில் வேறொரு பறவை. அதை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிற அம்மா.

மார்த்தாவும் பருந்தைப் பார்த்துவிட்டாள். "கைட்! கைட்! வாடா கண்ணு!" பிள்ளையை அள்ளக் கை வேண்டுமே என்று, பதற்றத்தில் நூலை மளமளவென்று சுற்றி இழுத்து, சட்டைப் பறவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மேலே இருந்து பார்த்த பருந்துக்கு அந்த அணைப்புத்தான் தெரிந்தது. 'என் பேரையும் அதுக்கே கொடுத்துட்டா' என்று நினைத்துக்கொண்டது. கீழே இறங்கவும் மனம் வரவில்லை, விட்டுப் போகவும் மனம் வரவில்லை. வட்டமாகச் சுற்றியது. பொழுது சாய்கையில் தாழ வந்து, கொடியிலிருந்து கஞ்சி வாசம் அடிக்கிற ஒரு கந்தலைக் கவ்விக்கொண்டு போய்த் தன் கூட்டில் விரித்துப் படுத்தது.

மார்த்தா தினமும் சட்டைப் பறவையைப் பறக்கவிட்டு, "கைட், கைட்" என்று பருந்தைக் கூப்பிட்டாள். கையில் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று ஊர் எண்ணிக்கொண்டது. ஆளுக்கொன்று செய்து பறக்கவிட்டு, "கைட், கைட்" என்று கத்தினார்கள். அவள் திருத்தவில்லை. எத்தனை பேர் கூப்பிட்டால் என்ன, ஏதாவது ஒரு குரலுக்கு இறங்கி வந்துவிடாதா!

அன்று முதல்தான் பருந்துக்கும் பட்டத்துக்கும் அங்கே ஒரே பெயர். அன்று முதல்தான் பருந்து தன் கூட்டில் கந்தல் துணியைச் சேர்க்கிறது. ஆள் இருக்கிற இடத்துக்கு மேலே வந்து வட்டமிடுகிறது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று.