கஞ்சி வண்டியின் ஹாரன்

ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்து நாலு. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். லாரி ஓட்டி ஓய்ந்து, பெண்டாட்டியைப் பறிகொடுத்து, பெற்ற ஒரே மகளையும் வாயால் விரட்டிவிட்டு மடத்து வாசலில் வந்து நின்ற மனுஷனை, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் திலகவதி அம்மாதான். அன்றிலிருந்து அவர் அந்த மடத்தை விட்டு நகரவில்லை.

மடம் என்றதும் கோபுரம், மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். புறநகரின் கடைசியில், ஏரியை ஒட்டி இரண்டு அறை, ஒரு பெரிய அடுப்பு, அவ்வளவுதான். விடிந்ததும் அங்கே கஞ்சி காய்ச்சுவார்கள். ஏழே காலுக்கு அதை நாலு அண்டாவில் ஊற்றி வேனில் ஏற்றுவார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு எட்டரைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏகாம்பரத்தின் வேலை.

ரோடு இருக்கிறதே, அது மூன்று ஏரிக்கரையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவில் நின்றால் அடுத்த வளைவில் என்ன வருகிறது என்று தெரியாது. தார் முடிகிற இடத்தில் அரையடிப் பள்ளம், அப்புறம் சரளை மண். காலையில் வேலைக்குப் போகிற சனமெல்லாம் அதில் சைக்கிளில்தான் போகும்.

அந்த ரோட்டில் ஏகாம்பரம் பறந்தார். லாரிக்காலத்து ஏர் ஹாரன் ஒன்றை வேனில் மாட்டி வைத்திருந்தார். வளைவு வருவதற்கு முன்னால் அதை ஒரு அழுத்து அழுத்துவார். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்க மாட்டார். ஹாரன் அடித்தாகிவிட்டது, இனி ஒதுங்குவது அவரவர் பாடு. முப்பது வருஷம் லாரியில் அவர் படித்த பாடம் அது. சைக்கிள்காரர்களும் பாவம், சத்தம் கேட்டதும் பள்ளத்தில் குதித்து இறங்குவார்கள்.

ஒருநாள் ஒரு அண்டாவின் மூடி நசுங்கி வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு ஏகாம்பரம்?"

"லேசா ப்ரேக் அடிச்சேம்மா. ஒரு சைக்கிள் விழுந்துடுச்சு."

"யாரு?"

"யாரோ. வண்டி படலைம்மா, சத்தியமா படலை. ஹாரன் சத்தத்துல பயந்து மண்ணுல இறங்கி விழுந்திருக்கும். கண்ணாடியில பார்த்தேன், ஆள் எழுந்துடுச்சு."

"இறங்கிப் பார்த்தீங்களா?"

"நேரமில்லம்மா."

"கஞ்சிக்கு எட்டரை வரைக்கும் நேரம் இருக்கே. உங்களுக்கு என்ன அவசரம்?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது.

மகள் பெயர் பூங்கோதை. தாயில்லாப் பிள்ளை என்று கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர்தான். அவள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்றைக்கு, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எல்லா அப்பனும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அந்தப் பெண் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். ஆறு வருஷம் ஆகிறது, முழிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உள்ள ஷூ கம்பெனியில் அவள் வேலை செய்வதாக யாரோ சொன்னார்கள். கம்பெனி பஸ்கள் ஏழரையிலிருந்து எட்டு வரை வாசலில் பெண்களை இறக்கிவிடும். அதற்குள் போய் எதிரே வேனை நிறுத்திக்கொண்டால் அவள் இறங்குவதைப் பார்க்கலாம். பேச வேண்டாம், கூப்பிட வேண்டாம், தூரத்திலிருந்து முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும். பதினாலு மாசமாக அவருடைய காலை அதற்காகத்தான் விடிந்தது.

"ஒருநாளும் கண்ணுல படலைம்மா. எனக்கு முன்னாடியே உள்ளே போயிடறா போலிருக்குன்னு இன்னும் வேகமா போறேன். அப்பவும் படமாட்டேங்கறா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு வேகமா போயும் ஏம்மா என் பிள்ளை முகத்தை என்னால பார்க்க முடியல?"

அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

ஏகாம்பரம் விழித்தார். எடுத்துக் கொடுத்தார். அம்மா வேனின் முன்பக்கத்தைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஏர் ஹாரனையும் கழற்றினார், வண்டியோடு வந்த ஹாரனையும் கழற்றினார்.

"ஐயையோ! ஹாரன் இல்லாம அந்த வளைவுல எப்படிம்மா போறது?"

"நீங்கதான் முப்பது வருஷ டிரைவர். சொல்லுங்க, எப்படிப் போகலாம்?"

அவர் யோசித்தார். "ஊர்ந்துதான் போகணும்."

"அப்போ ஊர்ந்து போங்க."

"பஸ்ஸெல்லாம் வந்து போயிடுமே! அவளைப் பார்க்கவே முடியாதே!"

"இத்தனை நாள் பார்த்தீங்களா?"

ஹாரன் இரண்டையும் அம்மா அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

முதல் நாள் ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது கியரில், சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் போகிற மாதிரி போனார். கம்பெனி வாசலுக்குப் போனபோது பஸ்கள் காலி. வாட்ச்மேன் மட்டும் பல் குத்திக்கொண்டு நின்றான். இரண்டாம் நாளும் அதே கதைதான். 'நல்ல குரு வாய்த்தார் எனக்கு' என்று மனசுக்குள் கருவினார். ஆனாலும் சொன்னதை மீறவில்லை.

மூன்றாம் நாள், நடு ஏரியின் வளைவு. முன்னால் ஐந்து பெண்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். தூசிக்குப் பயந்து துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரியக் கட்டியிருந்தார்கள். முந்த இடமில்லை, விலகச் சொல்ல ஹாரனும் இல்லை. ஏகாம்பரம் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். அவர்கள் பேசுவதுகூட நன்றாகக் கேட்டது. நேற்று வைத்த குழம்பு, மாமியார், சூப்பர்வைசர்.

அதில் ஒருத்தி தற்செயலாகத் திரும்பினாள்.

"அடியே, கஞ்சி வண்டிடி! இறங்குங்க, இறங்குங்க!"

அவ்வளவுதான். ஐந்து பேரும் பதறி அடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். ஒரு சைக்கிள் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவள் இடது கையை நீட்டி அதைப் பிடித்தாள். அந்தக் கை முழுசாக நீளவில்லை. முழங்கையில் ஒரு கோணலோடு பாதியில் நின்றது.

ஏகாம்பரத்தின் கால் தானாக ப்ரேக்கில் போய் விழுந்தது.

எட்டு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த கை அது. கட்டுப் போட்ட இடத்தில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் எண்ணெய் தடவியிருக்கிறார்! இன்று அதே முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, பொருக்குத் தட்டிப் போயிருந்தது.

கண்ணாடியில் பார்த்தது நினைவு வந்தது. ஆள் எழுந்துவிட்டது என்று ஆறுதல் பட்டுக்கொண்டாரே, அந்த ஆள்.

வேன் நடுரோட்டில் நின்றது. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"என்ன பூங்கோதை, இன்னைக்கு இந்த ஆளு நிக்கிறாரு?" என்றாள் ஒருத்தி.

துணிக்கு மேலே அந்த இரண்டு கண்களும் அவரையே பார்த்தன. ஆச்சரியம் இல்லை அதில். வண்டியை ஓட்டுவது யார் என்று என்றைக்கோ தெரிந்துகொண்ட கண்கள்.

"அவருக்கு அவசரம் இருக்கும். வழி விடுங்கடி, போகட்டும்" என்றாள் பூங்கோதை. போங்கள் என்று அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏகாம்பரம் போகவில்லை. அவர்கள் காத்துப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். அவர் பின்னாலேயே போனார். கம்பெனியின் பெரிய வாசலைத் தாண்டிச் சுற்றி, பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டுக்கென்று இருந்த சின்ன கேட்டில் அவர்கள் நுழைந்தார்கள். அப்படி ஒரு கேட் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கஞ்சி எட்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

மடத்துக்குத் திரும்பி வந்து, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

"அவ சைக்கிள்ல வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? விழுந்தது யாரோ பெத்த பிள்ளைன்னு மட்டும் தெரியும்."

அதற்கப்புறம் தினமும் அவர் சைக்கிள்களுக்குப் பின்னால்தான் போனார். ஒரு வாரத்தில் அந்தப் பெண்களுக்குப் பழகிவிட்டது. வேனைப் பார்த்தால் இப்போதெல்லாம் யாரும் பள்ளத்தில் இறங்குவதில்லை. பின்னால் வருகிற தண்ணி லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். ஏகாம்பரம் அசைந்துகொடுக்க மாட்டார். லாரியை முந்தவிடாமல், வளைவு முடிகிற வரை நடுரோட்டில் உருட்டிக்கொண்டே போவார்.

பூங்கோதை மட்டும் திரும்பவில்லை. அந்த முதுகையும் பின்னலையும் கோணல் கையையும் பார்த்துக்கொண்டே அவர் ஆறு கிலோமீட்டர் போவார். சின்ன கேட் வரும். அவள் நுழைவாள். மற்ற நாலு பேரில் யாராவது ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். அவள் பார்க்க மாட்டாள்.

ஒரு மாசம் ஓடிவிட்டது. அன்றைக்கு அண்டா கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பினா போதும்மா. திரும்ப மாட்டேங்கறா."

அம்மா கழுவிக்கொண்டே இருந்தார்.

"நானும் மனுஷன்தானே? இன்னும் எத்தனை நாள்தான் இப்படி அவ பின்னாலேயே போறது?"

அம்மா கையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளை முந்திக்கிட்டுப் போனீங்களே ஏகாம்பரம், அது எத்தனை நாள்?"