படத்தில் இல்லாதவர்கள்

"அக்கா, சபைகளுக்குக் கொடுக்க மனசே இல்லை" என்றார் மனாசே.

செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார். அவ்வளவு ஆத்திரம்.

சுகிர்தம் அக்கா மிஷன் பத்திரிகைக்கு விலாசச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். மனாசேயைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் மிஷனரியாகப் போகிற எல்லாரும் அவரிடம்தான் பாடம் கேட்டார்கள். அதனால் எல்லாருக்கும் அக்கா.

"எத்தனை சபைக்குப் போனீங்க, பிரதர்?"

"பதினொன்னு. இன்னும் ஒன்னுதான் பாக்கி."

"என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க! ஸ்கிரீன்ல படத்தைப் போட்டதும் முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. டீ, பிஸ்கட் குடுத்தாங்க. ஜெபத்துல தாங்குறோம் பிரதர்னு கையைக் குலுக்கினாங்க. அதோட சரி."

விஷயம் இதுதான். டிரில் வாத்தியார் வேலையை உதறிவிட்டு, ஏழுமுடி மலையில் ஆறு வருஷமாக ஊழியம் செய்கிறவர் மனாசே. மாசச் சம்பளம் கொடுத்து அவரைத் தாங்கி வந்த சபை புதுக் கோயில் கட்ட ஆரம்பித்ததும் கையை விரித்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் வரும் அறுப்பின் பண்டிகைக்குள் வேறொரு சபை அவரைப் பொறுப்பெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷன் அவரைக் கீழே கூப்பிட்டுக்கொள்ளும். கீழே அவருக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா கையை நீட்டினார். "படத்தைக் காட்டுங்க."

மனாசே போட்டோ கட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் படத்தில் ஒரு பெண். கிழிந்த சேலை, கலைந்த தலை, முழங்கால் வரைக்கும் சேறு.

"யாரு?"

"செவத்தி. என் குடிசைக்குப் பக்கத்து வீடு. ஜனங்க ரொம்ப அழுதது இந்தப் படத்துக்குத்தான்."

"இதைச் செவத்தி பார்த்தாங்களா?"

"அவங்க எதுக்குப் பார்க்கணும்?"

"போய்க் காட்டிட்டு வாங்க."

"அக்கா, காணிக்கை சபையில இருக்கு. மலையில இல்லை."

அக்கா அடுத்த சீட்டுக்குப் பசை தடவினார். பேச்சு முடிந்துவிட்டது.

மனாசேக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போகாமலிருக்கவும் தைரியம் இல்லை. இரண்டு பஸ் மாறி, ஒன்பது மைல் நடந்து மலைக்குப் போனார்.

செவத்தி படத்தைக் கையில் வாங்கினார்.

"அடக் கடவுளே! இது எருக்குழி அள்ளின அன்னிக்கு எடுத்ததில்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சீலை கட்டிட்டு வந்திருப்பேனே, வாத்தியாரே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"யாருக்குக் காட்டினீங்க?"

"கீழே, பதினோரு ஊர் சபை ஜனங்களுக்கு. பார்த்து அழுதாங்க, டீ குடுத்தாங்க."

"எத்தனை பேரு?"

"ஆயிரம் பேர் இருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "ஆயிரம் பேரு என்னை இப்படியா பார்த்தாங்க?"

மனாசேக்கு வெட்கமாய்ப் போயிற்று.

செவத்தி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, அவங்க படம் எங்க?"

"எவங்க படம்?"

"அவங்க என்னைப் பார்த்தாங்கல்ல? நான் அவங்களைப் பார்க்க வேணாமா?"

"படம் எடுக்கலியே."

"பேராவது சொல்லுங்க. நாங்க பதினாலு பேரு ஞாயித்துக்கிழமை மரத்தடியில கூடுறோம்ல, அவங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவோம்."

"பேரு தெரியாது."

"பதினோரு ஊருக்குப் போய் டீ குடிச்சுட்டு வந்திருக்கீங்க. ஒருத்தர் பேரும் தெரியாதா? நல்ல வாத்தியார்தான் போங்க! அவங்களுக்கு என்ன கஷ்டம்னாவது தெரியுமா?"

"அவங்களுக்கு என்ன கஷ்டம், செவத்தி? எல்லாரும் நல்லா இருக்கிறவங்க."

செவத்தி நம்பவில்லை. "கஷ்டமில்லாதவங்களா அந்த அழுகை அழுவாங்க?"

மனாசே மறுபடி ஒன்பது மைல் இறங்கினார்.

"காட்டினேன், அக்கா. பேச்சு வாங்கினதுதான் மிச்சம். அவங்க பேரைக் கேட்கிறாங்க, கஷ்டத்தைக் கேட்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"பன்னிரண்டாவது சபை எது?"

"கிருபாபுரம். நாளைக்குக் காலையில ஆராதனை. பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க."

அக்கா எழுந்தார். மனாசேயின் புரொஜெக்டர் பையை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"அக்கா! அது இல்லாம நான் என்ன பேசுவேன்?"

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். அவ்வளவுதான். சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

கிருபாபுரத்தில் சபை செக்ரட்டரி பாக்கியநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தபால் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம்.

"ஸ்கிரீன் கட்டியாச்சு. படம் எங்க?"

"படம் இல்லைங்க."

"படம் இல்லாம ஜனங்க எப்படிக் குடுப்பாங்க, பிரதர்?"

மனாசேக்கும் அதே சந்தேகம்தான்.

மைக்கைப் பிடித்தார். தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் படத்துக்கான பேச்சு. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னார். எருக்குழியைச் சொன்னார், தான் பேச்சு வாங்கியதைச் சொன்னார்.

"செவத்தி உங்க பேரைக் கேட்கிறாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்கிறாங்க. எனக்குத் தெரியலை. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

கோயிலில் ஒருத்தர் கண்ணிலும் ஈரம் இல்லை. காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு மனாசே இறங்கினார்.

பாக்கியநாதன் அறிவிப்பு வாசிக்க எழுந்தார். தாளை விரித்தார். வாசிக்கவில்லை.

"என் மகன் ரூபன் என்கூடப் பேசி நாலு வருஷம் ஆச்சு" என்றார். "அதை எழுதிக்குவீங்களா, பிரதர்?"

நாலு வருஷமாக அந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது. மகன் துபாயில் சௌக்கியம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தருக்குக் குடி. ஒரு கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறதாம். ஒரு அம்மா பேரை மட்டும் கொடுத்துவிட்டு, காரணம் சொல்லாமல் நின்று நின்று போனார். மனாசே கை வலிக்க எழுதினார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் நெஞ்சில் இடி இறங்கியது.

ஐயோ, ஆதரவு கேட்கவே இல்லையே! பன்னிரண்டு சபையில் இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. இங்கேயும் வாயைத் திறக்காமல் வந்தாயிற்று. அக்கா என்னத்துக்குத்தான் பையைப் பூட்டி வைத்தாரோ, தெரியவில்லை.

பாக்கியநாதன் மொபெட்டில் வந்து நின்றார்.

"எப்ப மலைக்குப் போறீங்க?"

"நாளைக்கு."

"ரூபன் பேரை முதல்ல சொல்லுங்க. திரும்பி வரும்போது செவத்தி அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லணும். அடுத்த மாசமும் கேட்பேன். அதுக்கடுத்த மாசமும் கேட்பேன்."

"அதுவரைக்கும் நான் அங்க இருக்க மாட்டேங்க. என்னைத் தாங்க சபை இல்லை. பண்டிகை முடிஞ்சதும் மிஷன்ல கீழே கூப்பிட்டுக்குவாங்க."

பாக்கியநாதன் மொபெட்டை அணைத்தார்.

"கூப்பிட்டுக்குவாங்களா?" என்றார். "எங்களைக் கேட்காம எப்படிக் கூப்பிடுவாங்க?"