மலையை வெளுத்த செல்லக்கனி

பனிமலையில் படப்பிடிப்பு. அந்தக் குளிரிலும் ஒளிப்பதிவாளர் தணிகாசலத்துக்குப் பளீர் வேட்டிதான். "வெள்ளைன்னா இதுதான்!" என்று அதையே கேமராவுக்குக் காட்டி நிறத்தைச் சரிசெய்தார். திரையில் பனி மோர்க்குழம்பு மாதிரி மஞ்சளாக விழுந்தது.

எரிச்சலில், யூனிட்டுக்குத் துணி துவைக்கும் செல்லக்கனியைப் பிடித்துக்கொண்டார். "இந்த மலையை வெளுத்துக் கொடு. இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு!"

"சரிங்க சார். வேட்டிய விட்டுட்டு, கேமராவுக்கு மலையையே காட்டுங்க."

காட்டினார். மஞ்சள் போனது. கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டியதும் பனி பளீரென்றது.

"எப்படிம்மா?"

"உங்க வேட்டிக்கு நாலு சொட்டு நீலம் போடுறேன் சார். கேமரா அதையே வெள்ளைன்னு நம்பிடுச்சு; நீலம் இல்லாத வெள்ளையெல்லாம் அதுக்கு மஞ்சளாத் தெரியுது. மலைக்கு யாரு நீலம் போட்டா?"

யூனிட்டே சிரித்தது, தணிகாசலமும்தான்.

"இனிமே நீலம் வேணாமா சார்?"

"ஐயையோ, போடு தாயி! கேமராகிட்ட மட்டும் சொல்லிடாதே."