பாதிக் கூடு

பறவைகளும் அணில்களும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆண் தூக்கணாங்குருவி முழுக் கூட்டையும் கட்டி முடித்த பிறகுதான் ஜோடியைக் கூப்பிடும். மழைக்காலம் முடிவதற்குள் ஜோடி சேராவிட்டால் அந்த வருஷம் குஞ்சு கிடையாது.

கிணற்றோரப் பனையில் இருந்த பொன்னன் என்ற குருவிக்குப் பூவாத்தாள் என்ற பெண் குருவி மேல் ஆசை. அவளிடம் கேட்கத் தைரியமில்லாமல் பக்கத்து மட்டையில் இருந்த அணிலிடம் போனான். இந்த விஷயத்தில் தான் பெரிய கில்லாடி என்று அணிலுக்கு நினைப்பு.

"உன்னப் பாத்தா தலையச் சாய்க்கிறாளா?"

"சாய்க்கிறா."

"எறகச் சிலுப்புறாளா?"

"நேத்துக்கூடச் சிலுப்பினா."

"அப்புறமென்ன, அவளுக்கும் ஆசைதான். கட்டுடா!"

பொன்னன் நெல் தோகையைக் கிழித்துக் கிழித்துப் பின்னினான். அலகு புண்ணாகிவிட்டது. முட்டைக்கு அறை, நீளமான வாசல் எல்லாம் முடித்து, சிறகடித்துப் பூவாத்தாளைக் கூப்பிட்டான். அவள் சுற்றிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். தலையச் சாய்ச்சு என்னப் பாத்தியே!"

"பருந்து வருதான்னு பாத்தேன்."

"எறகச் சிலுப்பினியே?"

"மழையில நனஞ்சிருந்தேன்."

பொன்னனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கூப்பிட்டா, வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

பொன்னன் கூட்டின் காம்பைக் கடித்து அறுத்தான். அது கிணற்றில் விழுந்தது. மழை இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். புதுக் கூடு ஒன்று தொடங்கி, தரையும் வாசலும் இல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டுச் சிறகடித்தான். பூவாத்தாள் அந்தப் பக்கமாகப் போனாள், நிற்கவில்லை. மாரக்கா என்ற வேறொரு குருவி வந்து உட்கார்ந்து, கூட்டின் நார் ஒன்றை அலகால் பலமாக இழுத்தாள். அதற்கு என்ன அர்த்தமென்று கேட்கப் பொன்னன் அணிலிடம் ஓடத்தான் நினைத்தான். ஓடாமல் அவளிடமே கேட்டான்.

"புடிக்கலையா?"

"குடியிருக்கப் போற வீட்ட இழுத்துப் பாக்க வேண்டாமா?" என்றாள் மாரக்கா. "நின்னுட்டு இருக்காம மீதியக் கட்டு."

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்தி ஜோடியைக் கூப்பிடுகிறது. அவள் இழுத்துப் பார்த்து உட்கார்ந்துகொண்டால் மீதியைக் கட்டும். பனையில் பாதியோடு காய்ந்து தொங்கும் கூட்டைப் பார்த்தால் சோம்பேறிக் குருவி என்று நினைத்துவிட வேண்டாம். அது கேட்டது, வேண்டாம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.