கொம்பையாவின் பங்கு

மலைக்காட்டில் ஓங்கி வளர்ந்த ஒரு குங்கிலிய மரம். அதன் உச்சியில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் கொம்பையா, பூவாயி என்று இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் நடத்தின.

இருவாச்சி ஜோடி சாகும்வரை பிரியாது என்று காட்டில் எல்லோரும் சொல்வார்கள். மான் வீட்டுக் கல்யாணங்களில்கூட இந்த ஜோடியைக் காட்டித்தான் வாழ்த்துவார்கள். கொம்பையா அந்த வாழ்த்துகளைத் தலை நிமிர்ந்து கேட்டுக்கொள்வான். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் ஒருநாள் பூவாயியிடம் வந்து, "நமக்குள்ள ஒத்து வரல. தீர்த்துக்கிடுவோம்" என்றான்.

காரணத்தை அவன் சொல்லவில்லை. காரணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. வயது குறைவு, பார்க்க அழகு. ஆனால் ஒரு விஷயத்தில் அவள் ரொம்பக் கண்டிப்பு. "சொந்தமா பொந்து இருந்தா வந்து பேசு. இல்லேன்னா இந்தப் பக்கமே வராதே" என்று சொல்லியிருந்தாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பொந்து இல்லாத இருவாச்சிக்குக் குஞ்சு இல்லை. வயதான மரத்தில்தான் நல்ல பொந்து விழும். அப்படிப்பட்ட மரங்கள் அந்தக் காட்டில் குறைந்துபோயிருந்தன. ஆகவே கொம்பையாவுக்கு அந்தப் பொந்து வேண்டும். பூவாயிக்கும் வேண்டும், அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கொம்பையா அதை நினைத்துத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

வழக்கு, காட்டுக்குப் பஞ்சாயத்து சொல்லும் கரடியாரிடம் போனது. கொம்பையா தனக்காகப் பேச ஒரு சோலைமந்தியை வக்கீலாக வைத்துக்கொண்டான். வாங்கிக் கொடுக்கும் சொத்தில் தனக்கும் ஒரு பங்கு என்று பேசிய பிறகுதான் மந்திக்கு அவன் மேல் இரக்கம் சுரந்தது. பூவாயிக்கு வக்கீல் இல்லை. அவளே பொந்திலிருந்து இறங்கி வந்து, வழக்கு நடந்த அந்தக் குங்கிலிய மரத்தடியில் உட்கார்ந்தாள்.

மந்தி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஐயா, இருவாச்சிக் குடும்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முட்டையிடுற காலத்துல பொம்பளை பொந்துக்குள்ள போய் வாசலைப் பூசி அடைச்சுக்கும். அலகு நுழையுற மாதிரி ஒரு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சு வளர்ற வரைக்கும் வெளியே வராது. வெயில், மழை பார்க்காம அலைஞ்சு, பழம் கொண்டுவந்து ஊட்டுறது யாரு? என் கட்சிக்காரர்! அந்தம்மா என்ன செஞ்சாங்க? உள்ள உக்காந்து சாப்பிட்டாங்க."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் இவ்வளவு பெரிய தியாகி என்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கரடியார் பூவாயியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே, தாயி?"

"உக்காந்துதான் இருந்தேன் ஐயா," என்றாள் பூவாயி. "உள்ள போனதும் என் சிறகெல்லாம் உதிர்ந்துபோச்சு. பறக்க முடியாது. இருட்டுல முட்டையை அணைச்சுக்கிட்டு அந்தக் கீறலையே பார்த்துக்கிட்டிருப்பேன். இவர் வர நேரமானா எனக்கு உசுரே இருக்காது. இவர் வரலேன்னா நானும் பிள்ளையும் உள்ளயே செத்திருப்போம். வருவார்னு நம்பி உக்காந்திருந்தேன். அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

கொம்பையா மேலே ஏதோ இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறாங்க," என்றது மந்தி. "நாங்க ஒரே ஒரு அளவுகோல்தான் கேக்குறோம். எது யார் அலகுல வந்துச்சோ, அது அவங்களுக்குச் சொந்தம். அவ்வளவுதான்."

"கொம்பையா, உனக்கும் இதுதான் சம்மதமா? பாதிப் பாதின்னு பேச வேண்டாமா?" என்று கேட்டார் கரடியார்.

"பாதியா?" கொம்பையா சிலிர்த்துக்கொண்டான். "வந்ததெல்லாம் என் அலகுல வந்துச்சு. எனக்கு எதுக்குப் பாதி?"

"சரி. பொந்து வாசலை அடைச்ச சுவர் யார் கட்டுனது?"

"அவதான். ஆனா எதை வச்சுக் கட்டினா? அவளோட எச்சத்தை வச்சு. அந்த எச்சம் எங்கேருந்து வந்துச்சு? நான் கொடுத்த பழத்துலேருந்து! அதனால சுவரும் எனக்குத்தான் சொந்தம்."

மந்தி அவன் காலைச் சுரண்டியது. கொம்பையா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

"அப்படின்னா எச்சமும் உன் சொத்து?" என்றார் கரடியார்.

"எச்சம், கொட்டை, தோல் எல்லாமே என் சொத்து! ஒண்ணையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

கரடியார் தலையாட்டினார். பிறகு மெதுவாக எழுந்து மரத்தின் மறுபக்கம் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். பொந்துக்கு நேர் கீழே ஒரு குவியல் கிடந்தது. அந்தப் பருவம் முழுக்கப் பூவாயி கீறல் வழியாக வெளியே தள்ளிய எச்சம், அத்திக் கொட்டை, பழத்தோல் எல்லாம் அதில் இருந்தன. அவள் வெளியே வந்தபோது உடைத்துப் போட்ட சுவரும் அதன் மேல் கட்டி கட்டியாகக் கிடந்தது. வீட்டை அவள் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாள்.

"எடுத்துக்கப்பா," என்றார் கரடியார். "உன் அலகுல வந்ததுல ஒண்ணுகூடக் குறையல."

கொம்பையாவின் அலகு திறந்தபடியே நின்றது. "அப்ப பொந்து?"

"பொந்தை நீ அலகுல கொண்டுவந்தியா?"

"இல்ல. ஆனா அவளும் கொண்டுவரலையே."

"கொண்டுவரல. ஆனா இப்ப பொந்துக்குள்ள என்ன இருக்கு?"

கொம்பையா யோசித்தான். உள்ளே பூவாயி உதிர்த்த இறகுகள்தான் கிடந்தன, பறந்துபோன குஞ்சு படுத்திருந்த மெத்தை. அவை எதுவும் அவன் அலகில் வந்தவை அல்ல.

"உள்ள இருக்கிற பொருள் அவளுது. அதனால பொந்து அவகிட்டயே இருக்கட்டும்," என்றார் கரடியார். "நீ பாதி கேட்டிருந்தா, ஒரு பருவம் உனக்கு, ஒரு பருவம் அவளுக்குன்னு சொல்லியிருப்பேன். நீதான் அளவுகோலைக் கையோட கொண்டுவந்துட்டே. நான் அளந்து மட்டும்தான் கொடுத்தேன்."

கொம்பையா வக்கீலைத் தேடினான். தனக்குப் பங்கு எதுவும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டே மந்தி நாலு மரம் தாண்டிப் போயிருந்தது.

தீர்ப்பைக் கேள்விப்பட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அழகி பறந்து வந்தாள். குவியலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இதுதான் நீ சொன்ன சொத்தா?" என்று கேட்டாள்.

"எல்லாம் நானே சம்பாதிச்சது," என்றான் கொம்பையா.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஆற்றைக் கடந்து போனாள்.

பூவாயி பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். புதிதாக முளைத்திருந்த சிறகை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. கீழே கொம்பையா தன் சொத்தைக் காப்பாற்ற அதன் மேல் இறக்கையை விரித்து நின்றான். மழையோ அவனைக் கேட்காமலே அதைக் கரைத்துக்கொண்டு போனது.

இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தான் சுமந்து வந்ததை மட்டுமே எண்ணிக் காட்டுபவனுக்கு, கடைசியில் அவன் எண்ணிக் காட்டியது மட்டுமே மிஞ்சும்.