உட்கார்ந்து எடுத்த முடிவு

அக்கா ஜெபக்கனியை வேதமாணிக்கம் கடைசியாக உயிரோடு பார்த்தது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் வார்டில். அவள் கட்டிலில் சாய்ந்து சாத்துக்குடி உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தம்பியின் சட்டையில் பொத்தான்கள் ஓட்டை மாறி மாட்டியிருப்பதைப் பார்த்து, பக்கத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். அப்புறம் சொன்னாள்:

“எப்சிபாவுக்கு கிறிஸ்மஸுக்கு அவ கேக்கிறதை வாங்கிக் குடுங்கலே. எவ்வளவு செலவழிக்கிறதுன்னு மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. நின்ன நிலையில ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

வேதமாணிக்கம் தலையாட்டினார். மறுநாள் காலை அவள் இல்லை.

ஜெபக்கனிக்கு மூன்று தம்பிகள்: வேதமாணிக்கம், ஆசீர்வாதம், தங்கையா. மூவரும் கல்யாணம் ஆகாதவர்கள். காரணம், அவர்களைப் பார்க்க வந்த பெண் வீட்டார் எல்லாரும் அவர்களோடு பேசியும் பார்த்தார்கள். மொட்டைவிளையில் அவர்கள் குடும்பத்துக்கு நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடும் தொழில். கணவனை இழந்து கைக்குழந்தையோடு வந்த ஜெபக்கனிதான் தொழிலை நடத்தினாள், தம்பிகள் சுமந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், “பந்தல் ஆடாம அசையாம பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போக, மூவரும் ஆளுக்கொரு கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண் புறப்படும் வரை நின்றார்கள். சோற்றை ஜெபக்கனிதான் ஊட்டிவிட்டாள்.

அந்தக் கைக்குழந்தை எப்சிபாவுக்கு இப்போது வயது பதினாறு. டவுன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். ஐப்பசி மழையில் ஓடைப் பாலம் உடைந்ததும் பஸ் நின்றுபோயிற்று. அவள் நடந்துபோய்த் தினமும் பிந்தினாள். கிறிஸ்மஸ் லீவு முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் பேரை அடித்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எப்சிபா கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளத்தங்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவிடம் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் விலைக்கு நின்றது. முந்நூற்றைம்பது ரூபாய். முன்னால் கம்பிக்கூடை, கைப்பிடியில் மணி. பணம் வேதமாணிக்கத்தின் மடியிலேயே இருந்தது.

“விலை தெரியும், பணமும் இருக்கு. இதுல பேச என்ன இருக்கு பெரிய மாமா?” என்றாள் எப்சிபா.

“உங்கம்மா சொல்லியிருக்கா மக்கா. உக்காந்துதான் பேசணும்.”

“சரி, உக்காருங்க.”

மூவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். டிசம்பர் மாதம். நாற்காலிகள் அத்தனையும் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்குப் போயிருந்தன.

தரையில் உட்காரலாமே என்றாள் எப்சிபா. ஆசீர்வாதம் அவளை வருத்தத்தோடு பார்த்தார்.

“தரையில உக்காந்து சாப்பிடலாம், ஜெபம் பண்ணலாம். நாற்காலிக்கு வாடகை வாங்கி வயித்தைக் கழுவுதவன் தரையில உக்காந்து பேசினா, ஊருக்குள்ள எவன் நம்மகிட்ட நாற்காலி எடுப்பான்?”

இந்த நியாயத்தின் கனத்தில் மற்ற இருவரின் தலையும் தானாகவே ஆடியது. அடுத்த தடவை மூன்று நாற்காலியை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்றாள் அவள். இருநூறு கேட்டவனுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு கொடுப்பது களவு என்று தங்கையா விளக்கினார். எப்சிபா அத்தோடு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வேதமாணிக்கம் ‘முந்நூற்று’ வரைக்கும் வந்தபோது பாட்டுக்காக எல்லாரும் எழுந்தார்கள். உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் வேதபாடத்துக்கு எழ வேண்டியிருந்தது. பிறகு விசுவாசப்பிரமாணத்துக்கு. பிரசங்கத்தில் நீண்ட நேரம் உட்கார வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் மூவரும் தூங்கிவிட்டார்கள்.

“ஆண்டவரே எழுப்பி எழுப்பி விடுதாரு,” என்றார் தங்கையா வெளியே வந்ததும். “அவருக்கு இந்தச் செலவு பிடிக்கலையோ என்னமோ.”

நாற்காலி நம்மிடம் வராவிட்டால் நாம் நாற்காலியிடம் போவோம் என்ற யோசனை வேதமாணிக்கத்துக்கு வந்தது. தனக்கே வந்த யோசனை என்பதால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் நாற்காலிகள் மேலத்தெருவில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போயிருந்தன. மூவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் தங்கள் நாற்காலிகளிலேயே உட்கார்ந்தார்கள்.

“முந்நூத்தம்பது கொஞ்சம் அதிகமில்லையா?” என்றார் வேதமாணிக்கம்.

“புதுசு கேட்டாத்தான் அதிகம். பழைய சைக்கிளுதானே,” என்றார் ஆசீர்வாதம்.

“துருப்பிடிச்சிருந்தா?”

“மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக் குடுத்தா தெரியவா போவுது?”

பின்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா இருந்தார். நாற்பது பவுனும் மோட்டார் சைக்கிளும் என்று கேட்டு வந்தவர் அவர். முன்னால் பேசுகிறவர்கள் பெண் வீட்டார் என்று நினைத்து எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியோடு நடுவில் வந்து நின்று, துருப்பிடித்த சைக்கிளைத் துடைத்துக் கொடுக்கத்தானா எங்களை இவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள் என்று பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே கையைப் பிடித்துக் கெஞ்சினார். கெஞ்சிய வேகத்தில் பவுன் நாற்பத்தைந்தாகிவிட்டது. அப்புறம் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து, மூன்று பேரையும் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினார்கள்.

எழுந்ததும் பேச்சு செல்லாமல் போயிற்று. வேதமாணிக்கத்துக்கு அதைவிடப் பெண் வீட்டாரை நினைத்துத்தான் இரக்கமாக இருந்தது.

“நின்னுக்கிட்டே அஞ்சு பவுனைப் பேசி முடிச்சிட்டாங்களே,” என்றார் தெருவில். “சொல்லிக் குடுக்க அவங்களுக்கு ஒரு அக்கா இல்ல போலிருக்கு.”

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் இசக்கிமுத்து ஆள் அனுப்பினார். வேறொருவர் சாயங்காலம் பணத்தோடு வருகிறாராம். எப்சிபா மூன்று மாமாக்களையும் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே கடைக்குப் போனாள். இசக்கிமுத்து குந்தியபடி வேலை செய்கிறவர். கடையில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. வாங்குகிறீர்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார் அவர். மூவரும் நின்றபடியே வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

எப்சிபாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்த்த வேதமாணிக்கத்தின் மனசு தாங்கவில்லை. அப்போதுதான் தங்கையா சைக்கிளைக் காட்டினார்.

“இதுல சீட்டு இருக்கே அண்ணாச்சி.”

ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிளின் சீட்டில் வேதமாணிக்கம் ஏறினார். ஆசீர்வாதம் பின்னால் கேரியரில் உட்கார்ந்தார். ஒல்லியான தங்கையா கம்பிக்கூடைக்குள் இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டார். எப்சிபா வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. அவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள்.

அவர்கள் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நடந்த பேச்சு வேறில்லை. வேதமாணிக்கம் முந்நூற்றைம்பது என்றார். ஆசீர்வாதம் சரி என்றார். கூடையிலிருந்து தங்கையாவும் சரி என்றார்.

“முடிவாயிட்டு,” என்று வேதமாணிக்கம் மணியை ஓங்கி அடித்தார்.

ஸ்டாண்டு முறிந்தது. சைக்கிள் மூவரோடும் கரைச் சரிவில் உருண்டு, நிறைந்து கிடந்த குளத்துக்குள் போயிற்று. மூன்று பேரையும் வெளியே இழுத்தார்கள். சைக்கிள் சேற்றுக்குள் எங்கேயோ இறங்கிவிட்டது. வேதமாணிக்கத்தின் கையில் மணி மட்டும் இருந்தது. அவர் நனைந்த மடியை அவிழ்த்து முந்நூற்றைம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். உட்கார்ந்து எடுத்த முடிவை நின்றுகொண்டு மாற்ற முடியாது.

“செலவெல்லாம் சரிதான் பெரிய மாமா,” என்றாள் எப்சிபா குளத்தைப் பார்த்தபடி. “பள்ளிக்கூடத்துக்கு நான் என்னத்துல போவேன்?”

ஆசீர்வாதம் லீவு முழுக்க இதையே யோசித்தார். கடைசியில் அவருக்குத்தான் விளங்கியது.

“சைக்கிள் ஏன் வெரசா போவுது? மணி அடிக்கு, ஆள் விலகுது, வழி கிடைக்கு. மணிதான் நம்மகிட்ட இருக்கே.”

பள்ளிக்கூடம் திறந்த அன்று மூன்று மாமாக்களும் வரிசையாக முன்னால் நடந்தார்கள். வேதமாணிக்கம் மணியை அடித்துக்கொண்டே போனார். ஓடை தாண்டும்போது அவள் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். எப்சிபா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமாக்களைத் தாண்டி ஓட ஆரம்பித்தாள். பிள்ளை ஓடுகிறதே, வழி விலக்கவேண்டுமே என்று அவர்களும் மணியடித்தபடி பின்னால் ஓடினார்கள். அதனால் அவள் நிற்கவே இல்லை. பள்ளிக்கூடக் கதவு திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“பாத்தியா,” என்றார் வேதமாணிக்கம், வேலியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. மறுநாளும் வருவதாகச் சொன்னார்.

பிளஸ் டூ முடியும் வரை எப்சிபா ஒரு நாளும் பிந்தவில்லை. சைக்கிள் இன்னும் குளத்துக்குள்தான் கிடக்கிறது. மணி வேதமாணிக்கம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, நன்றாகவே அடிக்கிறது.